சீல் பிரிந்த கார்டு

பெண்டாட்டியின் தம்பியை நம்புவதற்கு என்ன விலை? பூட்டுக்கடைக்காரரைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்: பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பில் நாளைக்கு.

நம்பிக்கைக்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் அதை ஒருநாளும் விற்றுப் பார்க்காதவர்கள். பூட்டு, கீல், தாழ்ப்பாள், கொண்டி என்று காலமெல்லாம் விற்றவருக்கு அதன் மார்க்கெட் நிலவரம் தெரியும். ஊரில் ஒருவரையொருவர் நம்பாதவர்களின் புண்ணியத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. எல்லோரும் யோக்கியர்களாகிவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூடிய கடைக்குப் பூட்டுக்கூடத் தேவைப்படாது. கடைத்தெருவில் அவருக்கு ‘ரெட்டைப்பூட்டு’ என்று பெயர். தன் கடைக்கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவதால் வந்த பெயர். அந்த இரண்டும் அவர் கடைச் சரக்கு இல்லை, எதிர்க்கடையில் வாங்கியவை என்று ஒரு பேச்சும் உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

சங்கடம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது. அவருடைய மகள் மரச்சாமான் கடைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பவள். கட்டில், அலமாரி, சோபா எல்லாம் தச்சுப்பட்டறைக்குப் போகுமுன்பே அவள் திரையில் ஒரு வீடாக எழும்பி நிற்கும். அந்த வீட்டுக்குள் நடந்துகூடப் போகலாம். ஒருநாள் காலையில் திரை முழுக்கப் பச்சைக்கோடு விழுந்தது. மத்தியானம் கோடு கட்டமானது. சாயங்காலம் திரை இருண்டே போனது.

“கிராபிக்ஸ் கார்டு போச்சுப்பா,” என்றாள் மகள்.

“போச்சுன்னா? நேத்து இருந்த பொருள் இன்னைக்கு எங்க போகும்? யார் யார் வந்தாங்க வீட்டுக்கு?”

“அய்யோ, செத்துப்போச்சுன்னு சொல்றேன். பெரிய படத்தை எல்லாம் வரைஞ்சு திரைக்கு அனுப்புறது அதுதான். அது இல்லாம என் வேலை ஒரு அடி நகராது. வெள்ளிக்கிழமை காலைல அந்தப் பெரிய கடைக்காரருக்கு நான் வீட்டைச் சுத்திக் காட்டணும்.”

அடுக்களையிலிருந்து மனைவியின் பதில் வந்தது. “தம்பிகிட்டச் சொல்லிட்டேன். அவனே கொண்டுவந்து மாட்டித் தரேன்னுட்டான்.”

பூட்டுக்கடைக்காரருக்குக் காது சிவந்தது. மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அந்தத் தம்பியும், அவன் கடைக்கு மேலே இருந்த ஒன்றரை அறையும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருவான். வந்தால் அவள் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அதெல்லாம் சரி. ஆனால் அவன் முன்னொரு தடவை கொடுத்த மவுஸ் ஒரே வாரத்தில் செத்துப்போனதை அவர் மறக்கவில்லை. வீட்டில் எலி செத்தால்கூட இவ்வளவு நாள் நாறாது.

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற,” என்றார். “சொந்தக்காரன்கிட்ட வாங்கினா வாயைத் திறந்து குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத பொருளை எவனாவது காசு குடுத்து வாங்குவானா?”

“உங்களால குறை சொல்ல முடியாத பொருள் ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நானே போய்ப் பாத்துட்டு வரேன்,” என்றாள் அவள்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவர் விலை விசாரிக்கப் போனார். மூன்று கடை ஏறி இறங்கினார். மூன்று கடையிலும் பதின்மூன்றாயிரத்துக்கு மேல்தான் சொன்னார்கள். மச்சினன் சொன்ன விலை மட்டும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. விலையை ஏற்றிச் சொல்கிறவனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவன் வியாபாரி, பேசி இறக்கலாம். இறக்கிச் சொல்கிறவனைத்தான் நம்ப முடியாது. அவனுக்கு அந்தப் பொருளைத் தள்ளிவிட வேண்டிய அவசரம் ஏதோ இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் மச்சினன் வந்தான். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே “அக்கா, தண்ணி!” என்று குரல் கொடுத்தான். கையில் பெட்டி. மகள் ஒரு கடைக்கு அளவெடுக்கப் போயிருந்தாள்.

பூட்டுக்கடைக்காரர் தண்ணீருக்கு முந்திக்கொண்டு பெட்டியை வாங்கினார். திருப்பினார். மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த வட்டச் சீல் நடுவில் பிளேடால் கீறப்பட்டிருந்தது.

“மாப்ளே, இது என்ன?”

“எது அத்தான்?”

“சீல் பிரிஞ்சிருக்கே.”

“நான்தான் பிரிச்சேன். கடையில போட்டுப் பாத்துட்டுக் கொண்டு வந்தேன்.”

“பாத்தியா? எதுக்குப் பாக்கணும்? புதுசுன்னா பாக்க என்ன இருக்கு?”

“புதுசுலயும் ஊமை வரும் அத்தான். பிறந்த குழந்தை அழுதாத்தானே டாக்டரே காசு வாங்குறார்?”

இது பதிலா, பதில் மாதிரி ஒன்றா என்று அவர் யோசிப்பதற்குள் அவன் கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் போய்விட்டான். கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே இழுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி பஞ்சு பஞ்சாகப் படிந்திருந்தது.

“அக்கா, உன் வீட்டுத் தலையணைக்கு இங்கதான் பஞ்சு எடுக்கிறியா?”

“உன் கல்யாணத்துக்கு மெத்தை தைக்கச் சேத்து வெச்சிருக்கேன். நீ கல்யாணம் பண்ணவும் காணோம், நான் தைக்கவும் காணோம்.”

அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். பூட்டுக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவன் கை வைப்பதற்கு முன்னால் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டான்.

“என்ன தொட்டே?”

“உடம்புல இருக்கிற கரண்டை இறக்கிட்டேன் அத்தான். இல்லன்னா கார்டு மேல பாயும்.”

உடம்பில் கரண்டா! நாற்பது வாட் பல்புக்கு மாதம் இவ்வளவு கட்டுகிற மனிதருக்கு அதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

மச்சினன் பழைய கார்டில் செருகியிருந்த கரண்ட் வயரை எடுத்தான். திருகைக் கழற்றினான். “இதுக்கும் உங்க கடை மாதிரி ஒரு கொண்டி இருக்கு, பாருங்க,” என்று உள்ளே விரலை விட்டு ஏதோ ஒன்றை நெம்பினான். டக்கென்று ஒரு சத்தம். பழைய கார்டு கையோடு வந்தது. புதியதை அதே இடத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினான். மறுபடி டக். வயரைச் செருகி, வெளியே திரைக்குப் போகிற கேபிளை மாட்டி, சுவிட்சைப் போட்டான். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. ஏதேதோ ஏற்றினான், அணைத்தான், மறுபடி போட்டான். கடைசியில் ஒரு கண்ணாடிக் கோபுரம் திரையில் தடங்கலில்லாமல் சுற்றிக்கொண்டே நின்றது.

“எப்படி? வெண்ணெய் மாதிரி ஓடுதா?”

ஓடியது. அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது. கடையில் அவர் காட்டுகிற மாதிரிப் பூட்டும் வெண்ணெய் மாதிரித்தான் திறக்கும்.

மச்சினன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பழைய கார்டைத் தன் பைக்குள் போட்டான்.

“அது எங்க போகுது?”

“குப்பைதானே அத்தான், கடையில போட்டுடறேன்.”

“குப்பைன்னா எங்க வீட்டுலயே குப்பைத்தொட்டி இருக்கு.”

மச்சினன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பையிலிருந்து கார்டை எடுத்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போல நீட்டினான். “வெச்சுக்குங்க. வயசான காலத்துல உதவும்.”

காசை எண்ணி வாங்கினான். பில் கேட்டதற்கு, பில் போடுகிற பெண் லீவு, நாளைக்குத் தருகிறேன் என்றான். போன் வந்தது, போய்விட்டான். மனைவி காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

வீட்டில் பூட்டுக்கடைக்காரரும் அந்தப் புதுக் கார்டும் தனியாக இருந்தார்கள்.

பூட்டு வியாபாரத்தில் ஒரு வித்தை உண்டு. பழைய பூட்டைப் பாலிஷ் போட்டுப் புதிது என்று கொண்டுவருவார்கள். மேலே என்ன மினுக்கினாலும் சாவித்துளையின் உதடு பொய் சொல்லாது. ஒவ்வொரு தடவை சாவி நுழையும்போதும் அங்கே ஒரு நூலிழைக் கீறல் விழும். அதைப் பார்த்தே பூட்டின் வயதைச் சொல்லிவிடுவார். சீல் பிரிந்த கார்டின் வயதைச் சொல்ல முடியாதா என்ன?

டார்ச்சையும் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்தார். கம்ப்யூட்டரின் முதுகு சுவரைப் பார்த்து நின்றது. கேபிளை இழுத்தார், லேசாக வந்துவிட்டது. அது இருந்த துளையின் உதட்டில் வெளிச்சத்தைப் பாய்ச்சினார்.

கீறல். ஒன்றல்ல, இரண்டல்ல. பத்துப் பன்னிரண்டு தடவையாவது ஏதோ ஒன்று உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது.

அவருக்கு மனதில் ஒரு குளிர்ச்சி பரவியது. கெட்ட சேதிதான், ஆனாலும் தன் கணக்கு சரியாக வந்த கெட்ட சேதி. யாரோ மாதக்கணக்கில் ஓட்டிக் கழித்த கார்டு. அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அக்காள் புருஷன் தலையில் கட்டியாயிற்று. விலை ஏன் இறங்கியது என்று இப்போது தெரிந்தது. பில் ஏன் நாளைக்குப் போனது என்றும் தெரிந்தது. பழைய கார்டைக்கூட விடவில்லை, அதையும் துடைத்து வேறு எவனோ ஒரு அத்தானுக்கு விற்றிருப்பான்.

மாடிப்படியில் காலடி கேட்டது. அவர் அவசரமாகக் கேபிளை எடுத்து, கைக்கு முதலில் தட்டுப்பட்ட துளையில் செருகினார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, தலையை மேஜையில் இடித்துக்கொண்டார்.

“அங்க என்ன தேடுறீங்க?” என்றாள் துணியோடு வந்த மனைவி.

“பேனா.”

பொழுது சாயும் நேரத்தில் மகள் வந்து உட்கார்ந்தாள். படம் வந்தது. அவள் போட்ட வீடும் வந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. ஒரு அடி வைத்தால் திரை மூச்சுப் பிடித்து நின்றது. சோபா பாதி வந்தது, மீதி வரவில்லை. அலமாரிக் கதவைத் திறக்கச் சொன்னால் அது யோசித்துச் சொல்கிறேன் என்பது போல நின்றது.

“என்னப்பா இது, பழசே தேவலை போலிருக்கு? நாளைக்குக் காலைல அந்தாளு முன்னால இதை எப்படிக் காட்டுவேன்?” மகளின் குரல் உடைந்துவிட்டது.

பூட்டுக்கடைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போலப் போனை எடுத்தார். மனைவி ஈரக்கையோடு வந்து நிற்பதற்குள் எதிர்முனை பேசிவிட்டது.

“மாப்ளே, நீ கார்டு குடுத்தியா, கருமாந்திரம் குடுத்தியா? எவனோ ஓட்டித் தேய்ச்ச சரக்கை எங்க வீட்டுலயே விக்கிறியா? என் கண்ணால பாத்துட்டேன். திருடுறவன் நாலு வீடு தள்ளிப் போய்த் திருடுவான். கூடப் பிறந்தவ வீட்டுலயே கைவைக்கிற திருடனை இப்பதான் பாக்கிறேன்!”

அந்தச் சொல்லைக் கேட்டதும் மகள் திரையிலிருந்து திரும்பினாள். மனைவி கையில் இருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எதிர்முனையில் மச்சினன், “வரேன்,” என்றான்.

வந்தான். வாசலிலேயே அக்காள் மறித்தாள்.

“தம்பி, கார்டைக் கழட்டிக்கோ, காசைக் குடுத்துடு. இனிமே இந்த வீட்டுக்கு ஒரு ஸ்க்ரூகூடக் கொண்டு வராதே. என் கண்ணு முன்னால உனக்கு இந்தப் பேச்சு வேண்டாம்.”

“இரு அக்கா, பாக்கிறேன்.”

“என்னத்தைப் பாக்கிறது?” என்றார் பூட்டுக்கடைக்காரர். “கேபிள் போற துளையைப் பாரு. உதடு முழுக்கக் கீறல். அது என்ன, உன் கடையில எலி பிராண்டினதா?”

“நான் பிராண்டினது,” என்றான் மச்சினன். குரலில் கேலி இல்லை. “ரெண்டு நாளா ராப்பகலா ஓட்டினேன். கடையில இருந்த ஒவ்வொரு திரையிலயும் மாத்தி மாத்திச் சொருகிப் பாத்தேன். அந்த மவுஸ் பேச்சை எத்தனை வருஷம் கேக்கிறது? அக்கா வீட்டுக்குப் போற பொருள், ஒரு சொல் வரக்கூடாதுன்னு பாத்தேன். லாபம் வெக்காம அசல் விலைக்குக் குடுத்தேன். பில்லுல அசல் விலை எப்படிப் போடுறதுன்னு யோசிச்சுதான் நாளைக்குன்னேன்.”

சொல்லிக்கொண்டே மேஜைக்கடியில் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். பூட்டுக்கடைக்காரரும் குனிந்து பார்த்தார். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருந்தன. கீழே இருந்தது புதுக் கார்டின் துளை; அது காலியாக இருந்தது. கேபிள் மேலே இருந்த துளையில் நின்றது.

“அது மதர்போர்டோட துளை,” என்றான் மச்சினன், யாரையும் பார்க்காமல். “அதுலயும் படம் வரும். ஆனா கார்டு வேலை செய்யாது. அது பாட்டுக்குச் சும்மா குந்திக்கிட்டு இருக்கும்.”

கேபிளை இழுத்துக் கீழே மாட்டினான். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. மகள் மவுஸை நகர்த்தினாள். அலமாரிக் கதவு எண்ணெய் போட்ட கீல் மாதிரித் திறந்தது.

சாவி நுழைவது வேறு, திரும்புவது வேறு என்று தினம் நாலு வாடிக்கையாளருக்காவது சொல்கிறவர் பூட்டுக்கடைக்காரர்.

“அப்ப யாரு மாத்திச் சொருகினது?” என்றாள் மனைவி.

மச்சினன் நிமிர்ந்தான். அத்தானின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் மேஜை இடித்த வீக்கத்தைப் பார்த்தான். சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பூதக்கண்ணாடியின் கைப்பிடியையும் பார்த்தான்.

“நான்தான்க்கா. போன் வந்துச்சா, அவசரத்துல கழட்டி மாட்டிட்டேன் போல.”

அவ்வளவுதான். அக்காள் அவனைப் பிடித்துக்கொண்டாள். “அறிவு இருக்கா உனக்கு? புள்ளை இப்ப அழுதிருப்பா! தொழில் பண்றவன் இப்படியா பண்ணுவான்? உன்னால நான் அவரை மனசுல என்னெல்லாம் திட்டினேன் தெரியுமா?”

மச்சினன் எல்லாத் திட்டையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

பூட்டுக்கடைக்காரர் பின்னாலேயே போனார். திட்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறவனை அவர் இதுவரை பார்த்ததில்லை. இனாமாக ஒரு பொருள் வந்தால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற கண் அவருடையது. இவ்வளவு பெரிய இனாமுக்கு இவன் என்ன கேட்கப் போகிறான்? கடனா? ஜாமீன் கையெழுத்தா?

“மாப்ளே, உனக்கு என்ன வேணும்? நேராச் சொல்லு.”

“ஒண்ணும் வேண்டாம் அத்தான்.”

“ஒண்ணும் வேண்டாம்னு சொல்றவன்தான் பெருசாக் கேப்பான்.”

மச்சினன் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி சிரித்தான். களைத்த சிரிப்பு. “உண்மையைச் சொன்னா அக்கா உங்ககூட ஒரு மாசம் பேச மாட்டா. என்கூடன்னா ஒரு நாள். எது மலிவோ அதை எடுத்துக்கிட்டேன். நீங்களும் வியாபாரிதானே.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தான். அது எப்போதும் போல முதல் உதையில் கிளம்பவில்லை.

பூட்டுக்கடைக்காரர் உள்ளே வந்தார். மனைவி அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில், கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அபூர்வமாகவே பார்த்த ஒரு பணிவு இருந்தது.

“நீங்க சொன்னது சரிங்க. சொந்தத்துல கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கக் கூடாது. இனிமே அவன் வேலை அவனோட, நம்ம வேலை நம்மளோட. ஞாயித்துக்கிழமையும் வர வேண்டாம்னு சொல்லிடறேன். வந்தா ஏதாவது ஒண்ணு பேச்சு வளரும்.”

இருபது வருடமாக அவர் சொல்லி வந்ததை அவள் வாயால் கேட்டார். கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டது. இப்போது அது அவருடைய தட்டில் விழுந்தது. விழுந்த மாத்திரத்தில் தட்டே கனத்துப்போனது. தராசில் விரலை வைத்து வந்த லாபம் இது. அவர் பேரத்தில் பொய் சொல்லியிருக்கிறார், விலையில் பொய் சொல்லியிருக்கிறார். ஆணி நிறுத்துப் போடுகிற எடையில் மட்டும் சொன்னதில்லை.

“அடியே,” என்றார்.

“ம்?”

“அந்தக் கேபிளை மாத்திச் சொருகினது நான்.”

அவள் கரண்டி நின்றது.

“துளையில கீறல் இருக்கான்னு பாக்கக் கழட்டினேன். நீ படி இறங்கி வந்தே. அவசரத்துல கைக்கு வந்த எடத்துல சொருகிட்டேன். பேனா தேடினேன்னு சொன்னது பொய். அவன் என்னைக் காப்பாத்தினான்.”

மகள் திரைக்குள் நடப்பதை நிறுத்தினாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. “இதை எதுக்கு என்கிட்டச் சொல்றீங்க? திருடன்னு என்னையா சொன்னீங்க?” என்றாள். “அவன் வண்டி இப்பதான் கிளம்பிச்சு, இன்னும் தெருமுனை தாண்டியிருக்காது. போன் பண்ணாதீங்க. திட்டினதைத்தான் போன்ல திட்டினீங்க, இதையாவது நேர்ல சொல்லுங்க.”

அவர் ஓடினார். வலது காலில் தன் செருப்பு, இடது காலில் மகளுடைய செருப்பு. முனையில் வண்டி ஒரு சரக்கு ஆட்டோவுக்கு வழிவிட்டு நின்றிருந்தது. “மாப்ளே! நில்லு! சொல்லணும்!” என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, மூச்சிரைக்க, முகம் கறுக்க ஓடி வந்தவரை மச்சினன் கண்ணாடியில் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் என்ன கேட்டதோ. இந்த மனுஷன் அடுத்த சண்டைக்கு வருகிறார் என்றுதான் பட்டிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அத்தானைச் சந்தேகப்பட்டான். ஆக்சிலரேட்டரை முறுக்கினான், வண்டி திரும்பி மறைந்தது.

பூட்டுக்கடைக்காரர் தெருமுனையில் இடுப்பில் கைவைத்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது; அவன் வருவானா என்பது அவர் கையில் இல்லை. நாளைக்குக் கடை திறக்குமுன் அவன் கடை வாசலில் போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவரைக்குமான கணக்கை நின்ற இடத்திலேயே போட்டார்.

புதுக் கார்டு ஒன்று: வேலை செய்கிறது. திருடன் என்ற சொல் ஒன்று: போய்ச் சேர்ந்துவிட்டது. மன்னிப்பு ஒன்று: கையிருப்பில் இருக்கிறது, பட்டுவாடா ஆகவில்லை.